தேதியைச் சொல்லுங்கள், சொன்ன தேதியில் நில்லுங்கள்

மருத்துவ உயர்சிறப்புப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு நடத்துகிறவர்களுக்கும், அதற்கு விதி எழுதுகிறவர்களுக்கும், அப்புறம் கலந்தாய்வு நடத்துகிறவர்களுக்கும்,

மூன்று தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுவது வழக்கமாகிவிட்டதால் தனித்தனியாக எழுதிப் பிரயோஜனம் இல்லை.

நான் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராக வேலை பார்க்கிறேன். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், பொது மருத்துவத்தில் எம்டி மூன்று வருடம், அதற்கப்புறம் அரசுக்கு எழுதிக் கொடுத்த கட்டாயப் பணி பாண்டு, எல்லாம் முடித்தாயிற்று. அடுத்து டிஎம் மெடிக்கல் கேஸ்ட்ரோஎன்டராலஜி, அதாவது குடல், கல்லீரல் மருத்துவம் படிக்கவேண்டும். அதற்கு நாடு முழுக்க அடிதடி என்பது தெரிந்துதான் இறங்கினேன். கார்டியாலஜியும் இதுவும் ரேங்க் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டு போகிற இடங்கள். போட்டி கடினமாக இருக்கிறதே என்று புலம்ப இதை எழுதவில்லை. கடினமாகத்தான் இருக்கவேண்டும், நாளைக்கு ஒருவரின் உணவுக்குழாய்க்குள் குழாயை விடப்போகிற கை இது. என் குறை வேறு. தேர்வு எப்போது என்று உங்களால் நேரத்தோடு சொல்ல முடியவில்லை, சொன்ன பிறகு அதில் நிற்கவும் முடியவில்லை.

நீட் எஸ்எஸ் என்ற இந்த நுழைவுத் தேர்வு நடந்த தேதிகளை நீங்களே வரிசையாக எழுதிப் பாருங்கள். 2020ல் செப்டம்பர். 2021ல் தேர்வே இல்லை, அந்த வருடத்துத் தேர்வு 2022 ஜனவரி 10ஆம் தேதி நடந்தது. அடுத்தது அதே 2022 செப்டம்பரில், எட்டே மாதத்தில். 2023க்கு செப்டம்பர் 9, 10 என்று சொல்லிவிட்டு 29, 30க்குத் தள்ளினீர்கள். 2024ல் மறுபடியும் தேர்வே இல்லை, 2025 மார்ச் 29, 30ல் நடந்தது. அதற்கடுத்த தேர்வுக்கு அதே 2025 நவம்பர் 7, 8 என்று சொல்லி, பிறகு டிசம்பர் 26, 27 என்று மாற்றினீர்கள். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தடவை எட்டு மாதம், இன்னொரு தடவை ஒன்றரை வருடம். மாசி மகத்துக்கு எங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எந்த நாளில் சாமிகள் வரும் என்பதைப் பஞ்சாங்கம் ஒரு வருடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, அதுவும் நிலவைப் பார்த்துக் கணக்குப் போட்டு. உங்களுக்கு நிலவைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

2024ல் ஏன் நடத்தவில்லை என்பதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை நான் மறுக்கவில்லை. கொரோனாவாலும் இட ஒதுக்கீட்டு வழக்காலும் 2021 பிஜி, அதாவது எம்டி, எம்எஸ் போன்ற முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கை தள்ளிப்போய், அந்த பேட்ச் 2022 தொடக்கத்தில்தான் வகுப்புக்கு வந்தது. அவர்கள் முடிப்பதற்கு 2025 ஜனவரி ஆகும், அதற்கு முன் தேர்வு வைத்தால் அத்தனை பேருக்கும் வாய்ப்பு போய்விடும் என்றீர்கள். சில மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள், நீதிமன்றமும் உங்கள் முடிவில் தலையிடவில்லை. சரி, நியாயம்தான். அந்த பேட்சில் என் ஜூனியர்கள் எத்தனையோ பேர், அவர்கள் வாய்ப்பைத் தட்டிப் பறிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் 2022 தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் மூன்று வருடப் படிப்பை எப்போது முடிப்பார்கள் என்பது அவர்கள் சேர்ந்த அன்றைக்கே தெரிந்த விஷயம் இல்லையா? விரல்விட்டு எண்ணினாலே வந்துவிடுமே. அதை 2022லேயே ஒரு பக்கச் சுற்றறிக்கையாகப் போட்டிருந்தால் ஒருவர்கூட வழக்குக்குப் போயிருக்கமாட்டார். எங்களுக்கு அது உறுதியாகத் தெரியவந்தது 2024ன் நடுவில்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பாண்டு முடிந்ததும் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். செப்டம்பர் வாக்கில் தேர்வு வரும் என்ற கணக்கில் கோடையிலேயே வேலையை விட்டேன். இதை யாரும் விளையாட்டாகச் செய்வதில்லை. ஐசியு டியூட்டியும் பார்த்து, வார்டு ரவுண்ட்ஸும் போய், இந்தத் தேர்வுக்குப் படிப்பது பெரும்பாலானவர்களால் முடியாது. 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், 600 மதிப்பெண், சரியானதற்கு நாலு, தப்புக்கு ஒன்று கழியும். எங்கள் பிரிவில் கேட்கக்கூடியது என்றால் பொது மருத்துவம் மொத்தமும்தான், இதயம், மூளை, சிறுநீரகம், ரத்தம், தொற்று நோய், எதையும் விடமுடியாது. இரண்டு கேள்வி தடுமாறினால் கேஸ்ட்ரோ கிடைக்கவேண்டியவர் வேறு துறைக்குப் போய் நிற்கிறார். அதனால் கடைசி சில மாதம் வேலையை விட்டுவிட்டு உட்காருவதுதான் வழக்கம். அப்படி உட்கார்ந்த பிறகுதான் இந்த வருடம் தேர்வே இல்லை என்ற செய்தி வந்தது.

கையில் இருந்த பணம் தீரத் தீர மறுபடி வேலை தேடினேன். எம்டி படித்தவருக்கு வேலையா இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். வேலை இருக்கிறது, ஆனால் நேர்காணலில் முதல் கேள்வியே இதுதான்.

"மேடம், நீங்க எஸ்எஸ் எழுதறவங்களா?"

"ஆமாங்க."

"அப்ப எத்தனை மாசம் இருப்பீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் உங்களிடம் பதில் இல்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மருத்துவரை நம்பி ஓபி தொடங்கி, பெயர்ப் பலகை எழுதி, நோயாளிகள் பழகும் நேரத்தில் அவர் கிளம்பிவிட்டால் மருத்துவமனைக்கு நஷ்டம்தான். "தேர்வு இன்ன மாசம், கிடைச்சா இன்ன மாசம் சேரணும், அதுவரைக்கும் உங்ககிட்டத்தான்" என்று சொல்ல முடிந்திருந்தால் அவர் யோசித்திருப்பார். சொல்ல முடியாததால் எஸ்எஸ் எழுதுகிறவர்களுக்குக் கிடைப்பது விடுப்பில் போனவருக்குப் பதிலாகப் பார்க்கும் லோக்கம் டியூட்டியும் ராத்திரி டியூட்டியும்தான், அதுவும் மற்றவர்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவர்களும் உண்டு. நான் அவர்களைத் தப்பு சொல்லமாட்டேன்.

இதில் ஆன்லைன் பயிற்சி வேறு. நான் கட்டிய சந்தா ஒரு வருடத்துக்குத்தான். தேர்வு தள்ளிப்போனால் சந்தா முடிந்துவிடும், புதிதாகக் கட்டவேண்டும். தேர்வைத் தள்ளிவைத்ததால் நாட்டில் யாராவது லாபம் பார்த்தார்கள் என்றால் அது அந்த நிறுவனங்கள்தான்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். இந்தத் தேர்வை எழுதும் வயதில்தான் கல்யாணமும் குழந்தையும். என் சீனியர் ஒருவர் அறிவித்த தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கர்ப்பமானார், தேர்வு முடிந்து ஓய்வாகக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று. தேர்வு தள்ளிப்போய் நிறைமாதத்தில் வந்து நின்றது. சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியின் கணினி அறையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கால் வீங்கி, காரில் படுத்தபடி கடலூர் வந்தார். தைரியசாலி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தத் தைரியம் தேவைப்பட்டிருக்கவே கூடாது என்பதுதான் என் வாதம்.

தேதி மட்டும்தானா மாறுகிறது? 2021ல் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஜூலையில் தேர்வை அறிவித்து, ஆகஸ்ட் 31ஆம் தேதி கேள்வித்தாளின் அமைப்பையே மாற்றினீர்கள். அதுவரை 40 சதவீதம் அடிப்படைத் துறையிலிருந்தும் 60 சதவீதம் சேர விரும்பும் உயர்சிறப்புத் துறையிலிருந்தும் கேட்பார்கள். திடீரென்று மருத்துவப் பிரிவுக்கு மொத்தக் கேள்வியும் பொது மருத்துவத்திலிருந்து என்றாயிற்று, தேர்வோ நவம்பரில். 41 மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இளம் மருத்துவர்களை அதிகார விளையாட்டில் பந்தாக உதைக்காதீர்கள் என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு கேட்ட பிறகுதான் புது முறையை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்தீர்கள். நான் அப்போது எம்டி மாணவி. விடுதியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, இனிமேல் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். புது முறை நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம், எனக்கென்னவோ அதுவே மேல் என்று தோன்றுகிறது. ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு யாரும் விதியை மாற்றுவதில்லை.

இதெல்லாம் படித்தவர்கள் பிரச்சினை, நாட்டுக்கு என்ன என்று யாராவது கேட்டால், கடலூருக்கு வந்து ஒரு வாரம் எங்கள் அவசரப் பிரிவில் உட்காரச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் இருப்பது புதுச்சேரி எல்லையில். ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் விலை குறைந்த சாராயம், பிராந்தி எல்லாம் கிடைக்கும். இதைப்பற்றி எழுதவேண்டும் என்றால் வேறு அதிகாரிகளுக்கு வேறு மடல்தான் எழுதவேண்டும். எனக்கு வந்து சேருவது அதன் கடைசிப் பக்கம். நாற்பதுகூட ஆகாத ஆள், கண் மஞ்சள், வயிறு நீர் கோத்து மத்தளம் மாதிரி, கை கால் குச்சி. கடலுக்குப் போகிறவர், முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர், யாராகவும் இருக்கலாம். கல்லீரல் சுருங்கி, அதற்குள் போகவேண்டிய ரத்தம் வழியில்லாமல் உணவுக்குழாயின் அடியிலுள்ள சிரைகளுக்குள் திரும்பி, அவை புடைத்து, ஒருநாள் வெடிக்கும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாளி நிறைய ரத்தமாக வாந்தி எடுப்பார். கூட வந்த மனைவியின் புடவை முழுக்க ரத்தம் இருக்கும், தன் ரத்தமா அவர் ரத்தமா என்றுகூடத் தெரியாத நிலையில் அந்தம்மா நிற்பார்.

அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது என்ன? ரத்தம் ஏற்றுவேன், ரத்தப்போக்கைக் குறைக்க ஆக்ட்ரியோடைடோ டெர்லிபிரெசினோ கொடுப்பேன், ஆன்டிபயாட்டிக் போடுவேன். அதற்குமேல் எண்டோஸ்கோப்பி விட்டு, வெடித்த சிரையைப் பிடித்து ரப்பர் வளையம் மாட்டவேண்டும். 12 மணி நேரத்துக்குள் அதைச் செய்யவேண்டும் என்பது எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்த வழிகாட்டுதல். அதைச் செய்யத்தான் எனக்குப் பயிற்சி வேண்டும் என்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு வரும் குடல் நிபுணர் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் வருவார். ரத்த வாந்திக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. அதனால் நாங்கள் சொல்வது கடலூர்க்காரர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வாக்கியம்: "ஜிப்மருக்குக் கொண்டு போயிடுங்க."

புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனை அது, முப்பது கிலோமீட்டர் சுமார்தான். ஆனால் ரெட்டிச்சாவடி, கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி, முருங்கப்பாக்கம் நெரிசலில் நின்று, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை இரண்டையும் சுற்றிக் கோரிமேடு போய்ச் சேரவேண்டும். அவரைக் குடிக்கவைத்த கடைகளும் அந்தச் சாலையில்தான் இருக்கின்றன. ஜிப்மரில் போய்ச் சேர்ந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அங்கே விழுப்புரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆள் வந்து குவிந்திருக்கும். வண்டியிலேயே போனவர்களும் உண்டு. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நான் உள்ளே வந்து அடுத்த நோயாளியைப் பார்ப்பேன், வேறென்ன செய்ய.

ஒரு பக்கம் இப்படி இருக்க, இன்னொரு பக்கம் உயர்சிறப்பு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. 2021 தேர்வுக்கான கலந்தாய்வில் இரண்டு சுற்று முடிந்தும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் மிஞ்சி, 2022 மே மாதம் நீதிமன்ற அனுமதியோடு சிறப்புச் சுற்று நடத்தவேண்டி வந்தது. 2025 ஜனவரியில், மருத்துவ இடங்கள் காலியாகக் கிடக்க விடமுடியாது, மாநிலங்களையும் கல்லூரிகளையும் கூப்பிட்டுப் பேசி வழி காணுங்கள் என்று உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. எல்லாக் காலி இடத்துக்கும் தேதிக் குழப்பம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இதய அறுவை சிகிச்சைக்கும் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கும் ஆள் வராததற்கு வேறு காரணங்கள் உண்டு, படித்து முடித்தபின் வேலை எங்கே, வருமானம் எப்படி, இன்னும் எத்தனை வருடம் ஒரு பெரியவருக்குக் கீழே நிற்கவேண்டும் என்பதெல்லாம் உண்டு. ஆனால் தேர்வு எப்போது, கலந்தாய்வு எப்போது, சேருவது எப்போது என்று தெரியாமல் ஒரு வருடம் ஒன்றரை வருடம் போனால் அந்த இடத்தை எடுத்திருக்கக்கூடியவர் என்ன ஆவார்? பெரிய தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தம் போட்டுவிடுவார், அங்கே வேலைக்கு உதவும் எம்ஆர்சிபி தேர்வை எழுதி இங்கிலாந்துக்குக் கிளம்பிவிடுவார், அல்லது ஊரில் சொந்தமாக கிளினிக் போட்டு உட்கார்ந்துவிடுவார். கிளினிக் வைத்து நோயாளி கூட்டம் சேர்ந்தவரை மறுபடி மாணவராக்குவது சாமானியம் இல்லை.

கட்-ஆஃப், அதாவது தகுதிக்கோட்டு விவகாரமும் இதே ரகம்தான். அறிவிப்பில் 50 பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே வரவேண்டும் என்று போடுகிறீர்கள். சுற்றுகள் முடிந்து இடம் மிஞ்சியதும் அதை இறக்குகிறீர்கள். இறக்குவது தப்பே இல்லை, இடம் வீணாவதைவிட நல்லது. ஆனால் இறக்கப்போகிறீர்களா, எந்த அளவுக்கு, எந்தத் தேதியில் என்பது கடைசி நிமிடம் வரை வதந்தியாகத்தான் உலவுகிறது. என்னோடு படித்த விழுப்புரம் தோழி ஒருத்தி 50க்குக் கீழே என்று தெரிந்ததும் மனதைத் தேற்றிக்கொண்டு வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், விட்டுப்போனால் மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கையெழுத்தும் போட்டாள். அதற்கப்புறம் தகுதிக்கோடு இறங்கியது. பதிவு செய்ய விட்ட அவகாசத்துக்குள் அவள் அந்த மூன்று மாதச் சம்பளத்தையும், கலந்தாய்வு வைப்புத் தொகை 2 லட்சத்தையும், திரும்பி வராத 5,000 ரூபாயையும் சேர்த்துப் புரட்டவேண்டும். அவள் அப்பா பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சுற்றில் அவள் பதிவு செய்யவில்லை. காலியாகப்போன ஏதோ ஒரு இடம் அவளுடையதாக இருந்திருக்கலாம்.

2 லட்சம் திரும்பக் கொடுக்கும் பணம்தானே என்பீர்கள். திரும்ப வருகிறது, ஆனால் எப்போது வரும் என்பதற்கும் தேதி கிடையாது. வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களுக்கு மாதா மாதம் வட்டி மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கு உண்டு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 சதவீத ஒதுக்கீட்டை மாநில அரசு 2020 நவம்பரில் கொண்டுவந்தது. அந்த வருடம் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை, 2022 மார்ச்சில்தான் வழிவிட்டது. எனக்கு அதில் இடம் இல்லை, நான் அரசுப் பணியில் இல்லை. இருந்தும் அந்த ஒதுக்கீடு சரி என்றே நினைக்கிறேன், படித்துவிட்டு மாவட்ட மருத்துவமனைக்குத் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் உங்கள் தேதி நகர்ந்தால் மாநிலக் கலந்தாய்வும் நகர்கிறது, அரசு மருத்துவமனையில் ஒருவரை விடுவித்து இன்னொருவரை அந்த இடத்தில் போடும் ஏற்பாடும் குலைகிறது.

முடியாததையா கேட்கிறோம்? எங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஜிப்மருக்கும், எய்ம்ஸ் போன்ற மற்ற தேசிய நிறுவனங்களுக்கும் ஐஎன்ஐ எஸ்எஸ் என்ற தனித் தேர்வு இருக்கிறது. ஜனவரி சேர்க்கைக்கு ஒன்று, ஜூலை சேர்க்கைக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு. நீங்கள் தேர்வே வைக்காத 2024லும் அது நடந்தது. அதில் ஒரு நிறுவனத்தில் ஒரு துறைக்குச் சில இடங்கள்தான் இருக்கும், கிடைப்பது குதிரைக் கொம்பு, ஆனால் எந்தப் பருவத்தில் எழுதவேண்டும் என்பதாவது தெரியும். எழுதியவர்கள் எழுதினோம், கிடைக்காதவர்கள் அடுத்த தடவைக்குத் தயாரானோம், யாரும் தேதிக்காக ராத்திரியெல்லாம் கைப்பேசியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களால் முடிகிறது என்றால் உங்களாலும் முடியும். உங்கள் தேர்வு பெரியது, கல்லூரிகள் அதிகம், வழக்குகள் அதிகம், தெரியும். பெரியது என்பதால்தான் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

எங்களுக்குச் சிலர் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. எம்டியே பெரிய படிப்பு, டிஎம் என்பது அவரவர் விருப்பம், காத்திருக்கப் பிடிக்காவிட்டால் இருப்பதை வைத்துப் பிழைக்கலாமே என்று. எனக்குப் பிழைப்பு நடக்கிறது, கடலூரில் பொது மருத்துவருக்கு நோயாளி குறைச்சல் இல்லை. நான் படித்தால் எனக்குக் கூடும் வருமானத்தைவிட, இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்திலேயே ஒருவருக்கு வளையம் மாட்டி அனுப்ப முடிவதுதான் பெரியது என்று சொன்னால் நாடகத்தனமாக இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் என் ஆசை. வருமானமும் வேண்டும்தான், முப்பதைத் தாண்டிய பிறகும் அப்பாவிடம் தேர்வுக் கட்டணத்துக்குக் கை நீட்டிய கூச்சம் இன்னும் போகவில்லை.

இனி நான் கேட்பது.

தேர்வுக்கு வருடத்தில் ஒரு வாரத்தை ஒதுக்கி, அதை விதியாகவே எழுதுங்கள். செப்டம்பரோ டிசம்பரோ மார்ச்சோ, எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். பிஜி பேட்ச் முடியும் காலம் மூன்று வருடம் முன்பே தெரியும் என்பதால் அதற்கேற்ற வாரத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை. அடுத்த மூன்று தேர்வுகளுக்கான வாரங்களை இப்போதே ஒரே அறிவிப்பாக வெளியிடுங்கள். வெள்ளம், கொள்ளைநோய் என்று தவிர்க்கமுடியாமல் தள்ளிவைக்க நேர்ந்தால், காரணத்தை எழுத்தில் சொல்லி, புதுத் தேதியையும் அதே அறிவிப்பில் சொல்லுங்கள். தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்ற வாக்கியம் இனி வேண்டாம். அப்படித் தள்ளிப்போகும்போது எழுத முடியாதவர்களுக்குக் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வித்தாளின் அமைப்பில் மாற்றம் என்றால், அறிவித்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்து நடக்கும் தேர்வுக்குத்தான் அது பொருந்தவேண்டும். நீதிமன்றம் ஒருமுறை சொல்லிவிட்டது, அதை விதியில் ஏற்றிவிட்டால் இன்னொரு பேட்ச் டில்லிக்கு ஓடவேண்டியதில்லை.

தேர்வை அறிவிக்கும் அன்றைக்கே கலந்தாய்வின் எல்லாச் சுற்றுகளுக்கும், சேர்க்கைக்கான கடைசி நாளுக்கும் தேதி போடுங்கள். இடம் மிஞ்சினால் தகுதிக்கோடு எந்த அளவுக்கு இறங்கும், எந்தச் சுற்றில் இறங்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மிஞ்சிய இடத்துக்கான சுற்றில் பதிவு செய்யக் குறைந்தது பத்து நாள் கொடுங்கள். 2 லட்சம் வைப்புத் தொகையை, இடம் கிடைக்காதவர்களுக்கு அந்தச் சுற்று முடிந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள், தாமதமானால் வட்டியோடு கொடுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்து மருத்துவர்களுக்கு அந்தத் தொகையைக் குறைக்க வழி பாருங்கள்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் கேட்டால், அவர்கள் ஊருக்கு மிக அருகில் இருக்கும் மையத்தை முதலில் அவர்களுக்கு ஒதுக்குங்கள். கடலூர்க்காரருக்குப் புதுச்சேரியில் மையம் கொடுக்க முடிந்தால் சென்னைக்கு அனுப்பாதீர்கள்.

இதில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள் என்பதைப் பொது அறிவிப்பாகவே வெளியிடுங்கள், எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். ஏற்காதவற்றுக்குக் காரணமும் எழுதுங்கள். அடுத்த தேர்வின் அறிவிப்பு வருவதற்கு முன் அது வந்தால், எங்கள் மருத்துவமனை மேலாளரிடம் எந்த மாதம் வரை இருப்பேன் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு பொது மருத்துவர்